புது ரேம் போட்டதும் கணினி நின்று நின்று போகிறதா? கோளாறைப் படிப்படியாகப் பிடிக்கும் வழி

ரேம் சேர்த்த சில நாட்களில் நீலத்திரை (விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் திரை) வர ஆரம்பித்தால், பலரும் முதலில் செய்வது விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடுவது. அதைச் செய்யாதீர்கள். கோளாறு ரேமில் இருந்தால், விண்டோஸ் போடும்போதே சில கோப்புகள் பிழையோடு எஸ்எஸ்டியில் பதிவாகும். நாலு நாள் கழித்து அதே நீலத்திரை வரும். அப்போது காரணம் பழைய கோளாறா, பிழையாகப் பதிந்த புது விண்டோஸா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. முதலில் ரேமைப் பாருங்கள். ஒரு பென்டிரைவும் சில இரவுகளும் போதும், காசு செலவில்லை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். "ரேம் போயிடுச்சு, மாத்திடுங்க" என்று கடையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ரேமும் நல்லது, மதர்போர்டும் நல்லது, இரண்டையும் சேர்த்தால் மட்டும் தகராறு என்ற நிலையும் உண்டு. அப்போது அதே மாடலில் வேறு ரேம் வாங்கி வந்தாலும் அதேதான் நடக்கும். ஆகவே கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு: ஏதாவது ஒரு பாகம் கெட்டிருக்கிறதா, இல்லை எதுவும் கெடாமலே ஒத்துப்போகவில்லையா.

இது ரேம் கோளாறுதானா?

ரேம் கோளாறு பெரும்பாலும் ஒரே மாதிரி இரண்டு முறை வராது. இன்று நீலத்திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று இருக்கும், நாளை 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', அதற்கடுத்த நாள் 'ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பிழை விழும் இடத்தில் அந்த நேரம் எந்த நிரல் இருக்கிறதோ அது விழும். அதனால்தான் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது 'சிஆர்சி எரர்' வருகிறது, மறுபடி முயன்றால் அதே கோப்பு ஒழுங்காகப் பிரிகிறது என்றால், ரேமைச் சந்தேகிக்க அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. பிரவுசரில் ஒரு டேப் மட்டும் செத்துப்போவது, பவர் போட்டதும் இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எரிந்து பிறகு ரேம் குறைந்த வேகத்தில் ஓடுவது, 16 ஜிபி மாட்டியும் 8 ஜிபி மட்டும் தெரிவது, ஃபேன் சுற்றினாலும் டிஸ்ப்ளே வராமல் போர்டில் 'டிராம்' என்று எழுதிய இடத்தில் சிறு விளக்கு எரிந்தபடியே நிற்பது ஆகியவையும் இந்த வகைதான்.

மாறாக, ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் கோப்பின் பெயரே நீலத்திரையில் வந்தால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள். கேம் ஓடும்போது ப்ளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று அணைந்தால் பவர் சப்ளை அல்லது சூடு. திரை மட்டும் கறுத்துப்போய்ச் சத்தம் தொடர்ந்து கேட்டால் கிராபிக்ஸ் கார்டு பக்கம் போங்கள்.

விண்டோஸில் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்கள் ஓர் இடத்தில் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள். அங்கே 'கெர்னல்-பவர்', எண் 41 என்று சிவப்பில் இருக்கும். 'பவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் பவர் சப்ளையை மாற்றிவிடாதீர்கள். போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று, மறுபடி எழுந்த விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. காரணம் அதில் இல்லை. பயன்படும் பதிவு 'பக்செக்', எண் 1001. நீலத்திரையின் குறியீடு அதில்தான் இருக்கும். ஐந்தாறு பதிவுகளைத் தேதியோடு தாளில் எழுதுங்கள். குறியீடுகள் சிதறிக் கிடந்தால் ரேம் சோதனைக்குப் போகலாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 டெஸ்க்டாப் ப்ராசசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ப்ராசசரே அதிக வோல்டேஜால் தேய்ந்துபோகும் பிரச்சினையை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் (போர்டிலேயே பதிந்திருந்து கணினியை எழுப்பும் நிரல்) வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. அதன் அறிகுறிகள் ரேம் கோளாறை அப்படியே ஒத்திருக்கும். அந்த வரிசை என்றால், கீழே 'கை வைப்பதற்கு முன்' பகுதியில் உள்ளதை முடித்துவிட்டு, முதல் படிக்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அப்போதும் எக்ஸ்எம்பியை (ரேமின் கூடுதல் வேக அமைப்பு) அணைத்துவிட்டுத்தான் புதுப்பிக்க வேண்டும். ஏன் என்று பின்னால் வருகிறது.

பெட்டியில் உள்ள எண் எதற்கு உறுதி?

ரேம் பெட்டியில் வேகம் 3600 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த எண் அந்த ரேமுக்கு மட்டும் உறுதி. உங்கள் போர்டும் ப்ராசசரும் அதைத் தாங்கும் என்ற உறுதி அதில் இல்லை. குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒவ்வொரு ரேமிலும் ஒரு சின்ன சிப்பில் அதன் விவரங்கள் பதிந்திருக்கும். ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த பாதுகாப்பான வேகங்கள் ஒரு பகுதி. தயாரிப்பாளர் சோதித்து எழுதிய கூடுதல் வேகம் இன்னொரு பகுதி. அந்தக் கூடுதல் வேகத்துக்கு இன்டெல் வைத்த பெயர் எக்ஸ்எம்பி. ரேமின் டிடிஆர்5 தலைமுறை வந்த காலத்தில் ஏஎம்டி கொண்டுவந்தது எக்ஸ்போ. ஏசுஸ் நிறுவனத்தின் ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். 3600 என்று விற்கும் டிடிஆர்4 ரேம் பலவும், எக்ஸ்எம்பியைப் போடாவிட்டால் 2133, 2400, 2666 இவற்றில் ஏதோ ஒன்றில்தான் எழும். எக்ஸ்எம்பியைப் போட்டதும் வேகமும் ஏறும், வோல்டேஜும் 1.2-இலிருந்து 1.35 ஆகும். அது ஓவர்கிளாக்தான்.

அடுத்து, ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் இப்போது போர்டில் இல்லை, ப்ராசசருக்குள் இருக்கிறது. இன்டெல்லில் 2008-இல் வந்த முதல் ஐ7 தொட்டே அப்படித்தான். ஆகவே ரேம், போர்டில் ஓடும் செப்புத் தடங்கள், ப்ராசசர் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எத்தனை ரேம் மாட்டுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அளவு இது: இரண்டு ரேம் என்றால் 3200, சிங்கிள் ரேங்க் (சிப்கள் ஒரே தொகுதியாக உள்ள) ரேம் நான்கு என்றால் 2933, டூயல் ரேங்க் (இரண்டு தொகுதியாக உள்ள) நான்கு என்றால் 2667. டிடிஆர்5-இல் இறக்கம் இன்னும் கடுமை. ரைசன் 7000-க்கு இரண்டு ரேமில் 5200, நான்கு போட்டால் 3600. இவற்றுக்கு மேலே ஓடுவதெல்லாம் உங்கள் அதிர்ஷ்டம். ஓடவில்லை என்பதால் எதுவும் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

அடிக்கடி பார்க்கும் நிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பி450 போர்டு, ரைசன் 5 3600, முதலில் 3200 வேகத்தில் 8+8 ஜிபி. இரண்டு வருடம் சிக்கலே இல்லை. பிறகு அதே கம்பெனி, அதே மாடல், இன்னொரு 8+8 சேர்க்கிறார்கள். நான்கும் 3200-இல் நிற்கவில்லை. மேலே சொன்ன 2933 என்ற எல்லை ஒரு காரணம். 'அதே மாடல்' என்று நம்பியது இன்னொரு காரணம். ஒரே மாடல் எண்ணுக்குள் தயாரிப்பாளர் சிப்பை மாற்றிக்கொண்டே இருப்பார். கோர்செயர் ரேம் ஸ்டிக்கரில் 'வெர்' என்று ஓர் எண் இருக்கும். அது 4-இல் ஆரம்பித்தால் சாம்சங் சிப், 5 என்றால் ஹைனிக்ஸ், 3 என்றால் மைக்ரான். பெட்டி ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ரேமை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சாம்சங், ஹைனிக்ஸ், குரூஷியல் ரேம்களில் '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். 8ஜிபி கொள்ளளவு. 1ஆர் என்றால் சிங்கிள் ரேங்க், 2ஆர் என்றால் டூயல் ரேங்க். எக்ஸ்8 என்பது ஒவ்வொரு சிப்பின் அகலம். எக்ஸ்16 என்றால் மலிவு விலை ரேமாக இருக்கும், சற்று மெதுவும்கூட. பிசி4 என்றால் டிடிஆர்4, பிசி5 என்றால் டிடிஆர்5. சிலவற்றில் 3200-க்குப் பதில் 25600 என்று இருக்கும். பயப்பட வேண்டாம், 3200-ஐ 8-ஆல் பெருக்கியது அது. ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) மூடிய ரேமில் இந்த வரி இருக்காது. சிபியு-இசட் என்ற இலவச நிரலில் 'எஸ்பிடி' பக்கத்தைத் திறந்து ஸ்லாட் வாரியாகப் பாருங்கள். அதே நிரலின் 'மெமரி' பக்கத்தில் 1600 என்று காட்டினால் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று பதற வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு அனுப்பும். 1600 என்றால் 3200.

எழுத்தைப் படிக்கும்போதே, என்ன செய்தாலும் ஓடாத சேர்க்கைகளை ஒதுக்கிவிடலாம். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் ஏறாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைப் போர்டுகள் இரண்டு வகையிலும் வருவதால் வாங்கும்போதே போர்டின் முழுப் பெயரைப் பாருங்கள். சர்வரிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் ரிஜிஸ்டர்ட் டிடிஆர்4 ரேம், ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் டிஸ்ப்ளே வராது. இன்டெல் 4-ஆம் தலைமுறை, அதற்கு முந்தையவை என்றால் ஒரு ரேமில் 8 ஜிபிதான் உச்சம். 16 ஜிபி டிடிஆர்3 ஒற்றை ரேம் அவற்றில் வேலை செய்யாது. 4-ஆம் தலைமுறை லேப்டாப்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும், 1.5 வோல்ட் பழைய வகை எடுக்காது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று எழுதி விற்கும் டிடிஆர்2, டிடிஆர்3 ரேம்களை இன்டெல் போர்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள். அவற்றின் சிப் அமைப்பை இன்டெல் கன்ட்ரோலர் படிக்காது. 2023-க்குப் பிறகு வந்த 24, 48 ஜிபி டிடிஆர்5 ரேம் என்றால், அதற்கு முந்தைய பயாஸ் உள்ள போர்டில் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

இதோடு, போர்டு தயாரித்தவரின் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்துக்குப் போய் மெமரி சப்போர்ட் பட்டியலைத் திறங்கள். ஒரே போர்டுக்கு ப்ராசசர் வரிசை வாரியாகத் தனித்தனிப் பட்டியல் இருக்கும். உங்களுடையதைத்தான் பார்க்க வேண்டும். ரேமின் பார்ட் நம்பரை ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். அந்த வரியில் 1, 2, 4 என்று கட்டங்கள் இருக்கும். 2-இல் குறி இருந்து 4-இல் இல்லை என்றால், நான்கு ரேமோடு அந்த வேகத்தை அவர்கள் உறுதிசெய்யவில்லை. பட்டியலில் இல்லாத ரேம் ஓடவே ஓடாது என்று நினைக்காதீர்கள்; எல்லா ரேமையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

கை வைப்பதற்கு முன்

முக்கியமான கோப்புகளை வெளி வட்டுக்கு எடுத்து வையுங்கள். பழைய காப்பு இருந்தால் அதன்மேல் எழுதாமல் தனியாகப் போடுங்கள், ஏனென்றால் கோளாறான ரேம் வழியாகப் போகும் கோப்பு கெட்டுப்போயிருக்கலாம். பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். இதை மறந்து பயாஸை மாற்றிவிட்டு, சொந்தக் கோப்புகளையே திறக்க முடியாமல் நிற்பவர்கள் உண்டு. தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

முதல் படி: கழற்றி, துடைத்து, சரியான ஸ்லாட்டில் மாட்டுதல்

கணினியை அணைத்து, பவர் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமின் ஓரங்களை மட்டும் பிடித்துக் கழற்றுங்கள்.

ரேமின் கீழ்விளிம்பில் உள்ள பொன்னிறக் கோடுகளைச் சாய்த்துப் பாருங்கள். மங்கலான படலமோ விரல் ரேகையோ தெரிந்தால் துடைக்க வேண்டும். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பது வழக்கம். வேலை செய்யும்தான், ஆனால் ரப்பர் தூள் ஸ்லாட்டில் விழுந்து புதுத் தலைவலி தரும், தங்கப் பூச்சும் தேயும். நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து ஒரே திசையில் இரண்டு தரம் இழுங்கள், ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஸ்லாட்டுக்குள் துணியோ பிரஷ்ஷோ விடாதீர்கள், காற்றடித்தால் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் மட்டும் இருந்தால், அவை ப்ராசசரிலிருந்து எண்ணும்போது 2-ஆவதும் 4-ஆவதுமான ஸ்லாட்டில் இருக்க வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசரிலிருந்து வரும் தடம் முதலில் ஏ1-ஐத் தொட்டு ஏ2-வில் முடிகிறது. ஏ1-இல் மட்டும் ரேம் போட்டால் மிச்சத் தடம் காலியாகத் தொங்கும். சிக்னல் அதன் நுனியில் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் கலைக்கும். 2133-இல் இது பெரிதாகத் தெரியாது, 3600-இல் கணினியையே நிறுத்தும். அருகருகே இருக்கும் இரண்டு ஸ்லாட்டில் மாட்டிவிட்டு மாதக்கணக்கில் அல்லாடுபவர்கள் இந்த ஒரு மாற்றத்தாலேயே தப்பித்துவிடலாம்.

மாட்டும்போது வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து மாறிமாறி அழுத்துங்கள். 'டிக்' என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி உள்ள போர்டில் ஏமாறுவது எளிது: கொக்கிப் பக்கம் பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் நூலளவு தூக்கியிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பொன்னிறக் கோடு ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் அடிப்படை வேகத்துக்கு இறக்குதல்

பயாஸுக்குள் போய் 'லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்' கொடுத்து, எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்து, சேமித்து வெளியே வாருங்கள். டிஸ்ப்ளேயே வராவிட்டால் ஒயரைப் பிடுங்கிய நிலையில் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்லைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். டிடிஆர்5 போர்டு என்றால் இதற்குப் பிறகு முதல் தடவை எழ சில நிமிடம் ஆகலாம், திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமோடு சிக்னல் நேரங்களைச் சரிபார்த்துப் பழகும் நேரம் அது. பதறி நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். 15 நிமிடமாவது பொறுங்கள்.

இந்த நிலையில் கணினியை வழக்கம்போல் இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். கோளாறு அடியோடு நின்றுவிட்டால் பாகம் எதுவும் கெடவில்லை, வேகம்தான் ஒத்துப்போகவில்லை என்று கிட்டத்தட்ட முடிவுசெய்யலாம். வேறு எதையும் இந்த நாட்களில் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் டிரைவரையும் மாற்றி, ரேமையும் இடம் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

மூன்றாம் படி: ஒவ்வொரு ரேமாகச் சோதித்தல்

விண்டோஸில் உள்ள மெமரி டயக்னாஸ்டிக் நிரல் பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம், நிறைய விட்டுவிடும். மெம்டெஸ்ட்86, அல்லது திறந்த மூல நிரலான மெம்டெஸ்ட்86 பிளஸ், இரண்டில் ஒன்றை 1 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவில் ஏற்றுங்கள். வேறொரு நல்ல கணினியில் ஏற்றுவது நல்லது. பென்டிரைவிலிருந்து பூட் ஆகவில்லை என்றால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள்.

முதலில் ஒரே ஒரு ரேம், ஏ2 ஸ்லாட், அடிப்படை வேகம். மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். சில மணி நேரம் ஆகும், படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். ஒரு பிழைகூட வரக் கூடாது. "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. பல கோடி எழுத்து-வாசிப்பில் ஒன்று தவறினாலும் அது ஒரு நாள் உங்கள் கணக்கு வழக்குக் கோப்பில் விழும். சிவப்பு வரி வந்ததும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், உத்தரவாதத்துக்கு உதவும். பிறகு இரண்டாவது ரேமை அதே ஏ2-வில். அதன்பின் நல்ல ரேமை பி2-வில். கடைசியாக இரண்டும் சேர்ந்து, முதலில் அடிப்படை வேகத்தில், பிறகு எக்ஸ்எம்பியில். எந்த ரேம், எந்த ஸ்லாட், எந்த வேகம், எத்தனை பிழை என்று தாளில் நான்கு கட்டம் போட்டுக் குறியுங்கள். ரேமின் ஓரத்தில் சிறு காகிதம் ஒட்டி 1, 2 என்று எழுதாவிட்டால் மூன்றாவது மாற்றலிலேயே எது எது என்று குழம்பிவிடும்.

தாளில் உள்ளதைப் படிப்பது எப்படி?

1-ஆம் ரேம் எந்த ஸ்லாட்டிலும் தேறுகிறது, 2-ஆம் ரேம் எங்கே போட்டாலும் அடிப்படை வேகத்திலேயே விழுகிறது என்றால், 2-ஆம் ரேம் கெட்டுவிட்டது. சந்தேகமே வேண்டாம், மாற்றுங்கள். கிட்டாக (ஒரே பெட்டியில் ஜோடியாக) வாங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தந்தால் மறுபடி பொருந்தாத ஜோடிதான் கைக்கு வரும்.

எந்த ரேம் போட்டாலும் பி2-வில் மட்டும் பிழை, அல்லது அந்தப் பக்கம் போட்ட ரேம் தெரிவதே இல்லை என்றால், ரேமை விட்டுவிடுங்கள். ஸ்லாட்டில் தூசு, போர்டுத் தடம், ப்ராசசர் சாக்கெட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இன்டெல் போர்டில் சாக்கெட் பின் ஒன்று வளைந்திருந்தாலே ஒரு பக்கத்து ரேம் முழுக்கக் காணாமல் போகும். கூலரை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் இதே விளைவு. நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். போர்டை மாற்றச் சொல்வதற்கு முன் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

தனித்தனியே எல்லாம் தேறுகிறது, அடிப்படை வேகத்தில் சேர்ந்தும் தேறுகிறது, எக்ஸ்எம்பி போட்டால் மட்டும் பிழை. இதுதான் ஒத்துப்போகாத நிலை. காசு செலவழிக்காமல் சரிசெய்ய வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுவே.

நான்காம் படி: ஒத்துப்போக வைத்தல்

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். ரேம் பொருத்தம் கூடியது என்று பல பதிப்புகளின் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். எக்ஸ்எம்பியை அணைத்து, தேறிய ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். நிலையில்லாத ரேம் வழியாகப் பயாஸ் எழுதினால் பாதியில் கெட்டு போர்டே எழாமல் போகலாம். யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளுங்கள். கரண்ட் போகும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

பிறகு எக்ஸ்எம்பியைப் போட்டு, வேகத்தை மட்டும் ஒரு படி இறக்குங்கள். டைமிங்கையும் (ரேம் பதில் தர எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை) வோல்டேஜையும் தொடாதீர்கள். 3600 விழுந்தால் 3200, அது விழுந்தால் 2933, பிறகு 2666. ஒவ்வொரு படியிலும் மெம்டெஸ்ட் ஒரு முறை. 3200-இலிருந்து 2933-க்கு இறங்கினால் வேகத்தில் சுமார் 8 சதவீதம் குறைவு. அலுவல் வேலையிலும் இணையத்திலும் அது கண்ணுக்கே தெரியாது.

வேகத்தை விட மனமில்லை என்றால் டிடிஆர்4-இல் வோல்டேஜை 1.35-இலிருந்து 0.01, 0.02 என்று ஏற்றி 1.40 வரை பார்க்கலாம். புதியவர்கள் அதற்கு மேல் போக வேண்டாம். ப்ராசசரின் எஸ்ஓசி வோல்டேஜில் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான வோல்டேஜ்) கை வைக்காதீர்கள். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில கருகிப்போன பிறகு, அந்த வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி ஏஎம்டி பயாஸ் வழியாகவே கட்டுப்படுத்தியது. அந்த வரிசைப் ப்ராசசரும் 2023 ஆரம்பத்துப் பயாஸும் வைத்திருப்பவர்கள் ரேம் கோளாறு இல்லாவிட்டாலும் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டு வெவ்வேறு கிட்டைக் கலந்திருந்தால் எக்ஸ்எம்பியை நம்ப வேண்டாம். போர்டு பெரும்பாலும் ஒரு ரேமின் கணக்கை எடுத்து மற்றவற்றின் மேலும் சுமத்தும். டைமிங் ஒன்றில் 16-18-18-38, மற்றொன்றில் 16-20-20-38 என்றால் நான்கு எண்ணிலும் பெரியதை, அதாவது 16-20-20-38-ஐக் கையால் போடுங்கள். கமாண்ட் ரேட்டை (ஒரு கட்டளைக்கு ஒதுக்கும் துடிப்புகள்) 2டி ஆக்குங்கள். நான்கு ரேமோடு அடம்பிடிக்கும் போர்டு இந்த ஒரு மாற்றத்தில் வழிக்கு வருவதுண்டு.

ரைசன் டிடிஆர்5 போர்டில், புதிதாகப் பூட் ஆனால் ஒழுங்காகவும் அடுத்தடுத்த பூட்டில் நீலத்திரையுமாக இருந்தால், 'மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்' என்ற அமைப்பைத் தேடுங்கள். சீக்கிரம் எழுவதற்காக, முன்பு பழகிய சிக்னல் நேரங்களையே திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி அது. அதை அணைத்துப் பாருங்கள். பூட் ஆக அரை நிமிடம் கூடும். நிலைமை சீரானால் அப்படியே விட்டுவிடலாம்; வேகமான பூட்டும் வேண்டும் என்றால் அதைப் போட்டு, 'பவர் டவுன்' என்ற அமைப்பையும் கூடவே போட்டுச் சோதியுங்கள்.

நான்கு ரேம் 2666-இலும் நிற்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. நான்கு 8 ஜிபியை விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் வரும் 16+16 கிட்டாக, போர்டுப் பட்டியலில் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கும்போதே கடையில் பேசி, ஒத்துப்போகவில்லை என்றால் வேறு மாடல் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போய்ச் சொன்னால் "ரேம் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: விட்டுப்போன சேதத்தைச் சரிசெய்தல்

மெம்டெஸ்ட் 4 சுற்றும் பிழையின்றி முடிந்த பிறகு, விண்டோஸுக்குள் ஓசிசிடி அல்லது டெஸ்ட்மெம்5 நிரலை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ப்ராசசர் சூடாகும்போது மட்டும் வரும் பிழை இதில்தான் வெளிப்படும். அதுவும் தேறினால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். கோளாறு இருந்த நாட்களில் கெட்ட விண்டோஸ் கோப்புகளை அது தேடிச் சரிசெய்யும். சரிசெய்ய முடியாதவை உண்டு என்று சொன்னால், இப்போதுதான் விண்டோஸை மறுபடி போட வேண்டிய நேரம்.

உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ரேம் மாற்றிய தேதியிலிருந்து கோளாறு தீர்ந்த தேதி வரை சேமித்த படங்கள், வீடியோக்கள், எக்செல் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பாதியில் சாம்பல் நிறமாகும் படமோ திறக்காத தாளோ இருந்தால், ரேம் மாற்றுவதற்கு முன் எடுத்த காப்பிலிருந்தோ, கைப்பேசியிலோ மின்னஞ்சலிலோ இருக்கும் மூலத்திலிருந்தோ திரும்ப எடுத்து வையுங்கள்.